அப்பாவைப் பிடித்துவைத்த ஊர்

என் அப்பா சினிமாவில் செத்துப்போனதை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அப்போது நான் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ. அம்மாதான் என்னைத் தியேட்டருக்கு அழைத்துப் போனாள். படம் தொடங்கி இருட்டான பிறகுதான் அப்பா உள்ளே வந்தார். வெளிச்சத்தில் வந்தால் ஜனம் சூழ்ந்துகொள்ளும் என்பார். உண்மையில் யாரும் சூழ்ந்துகொண்டதில்லை. அவரைக் கண்டால் விலகித்தான் போவார்கள்.

அந்தப் படத்தில் அவர் ஒரு பள்ளிக்கூட வாசலில் நிற்பார். மணி அடிக்கும், பிள்ளைகள் வெளியே ஓடிவருவார்கள். அவர் அசையாமல் நின்று, அதில் ஒரு சிறுமியை மட்டும் கண்ணால் தொடர்வார். பிறகு அவள் வாயைப் பொத்தித் தூக்கி வேனுக்குள் போடுவார். தியேட்டரே மூச்சுவிடாமல் இருந்தது. நான் அலறினேன். "அப்பாதாண்டி, அது நம்ம அப்பாதாண்டி" என்று அம்மா என் காதில் சொன்னாள். அதனால்தான் நான் அலறினேன் என்று அவளுக்குப் புரியவில்லை. படத்தின் கடைசியில் கதாநாயகன் அப்பாவைக் கண்ணாடிக் கதவின்மேல் தூக்கி எறிந்து கொன்றான். அப்பா முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். நான் கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டேன். அன்று இரவு அப்பாவுக்குப் பக்கத்தில் படுக்காமல் அம்மாவின் அந்தப் பக்கமாகப் போய்ப் படுத்தேன்.

அப்பா காசிமேட்டுக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரை ஒரு சண்டைப் பயிற்சியாளர் பார்த்து அழைத்துப் போனார். வாலிபத்தில் படகுக் கயிறு அறுந்து அடித்ததில் அவருடைய இடது புருவம் இரண்டாகப் பிளந்திருந்தது. கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. குரல் கரகரவென்று இருக்கும். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் எதையும் செய்யத் தேவையில்லை என்று இயக்குநர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். "சும்மா நில்லு, அது போதும்" என்பார்களாம். அவர் பெரிய வில்லனாக ஒருபோதும் ஆகவில்லை. வில்லனுக்குப் பின்னால் நிற்கும் ஆளாகவே கடைசிவரை இருந்தார். வில்லன் பேசப் பேச, ஜனம் வில்லனைப் பார்க்காது. பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிற இவரைத்தான் பார்க்கும். இடைவேளைக்குப் பிறகு எப்படியும் செத்துவிடுவார்.

வீட்டில் அவர் பயந்த மனிதர். சண்டைக் காட்சி உள்ள நாளில் காலையிலிருந்து எதையும் சாப்பிடமாட்டார். குழாயடியில் நின்று கைகால்களைத் திரும்பத் திரும்பக் கழுவுவார். அவர் போன பிறகு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தால் அம்மா எடுக்கமாட்டாள். என்னை எடுக்கச் சொல்வாள். நான் "ஹலோ" சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். ஒருமுறை ஓடும் லாரியிலிருந்து விழுகிற காட்சியில் மெத்தை போட்ட இடம் தவறிவிட்டது. தலையில் அடி. பல நாள் நினைவில்லாமல் கிடந்தார். அது பெரிய அடி. சின்ன அடிகளுக்குக் கணக்கே இல்லை.

எனக்கு அவர்மேல் இருந்த பயத்தைப் போக்குவதற்காக, அடிப்பது எப்படி என்று ஒருநாள் சொல்லிக்கொடுத்தார். "கை மூஞ்சிக்கு முன்னாடியே நின்னுடணும்மா. மீதிய அடி வாங்குறவன் பாத்துப்பான். அவன் தலைய அந்தப் பக்கம் திருப்பினா அடி விழுந்துட்ட மாரி தெரியும். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நம்பணும். நம்பலன்னா பல்லு போயிடும்." என் கன்னத்துக்கு முன்னால் அவருடைய பெரிய கை வந்து நின்றது. காற்று மட்டும் பட்டது. நான் தலையைத் திருப்பினேன். அவர் சிரித்தார். அன்றுமுதல் வீட்டில் அவரைப் பார்த்துப் பயப்படுவதை நான் நிறுத்திவிட்டேன். மறுபடி பயப்பட இத்தனை வருஷம் ஆகும் என்று அப்போது தெரியாது.

எனக்குக் கல்யாணமாகி வடக்குப்பட்டுக்கு வந்தேன். கணவரின் ஊர் அது. அவர் ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை பார்க்கிறார். நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். லைனில் வருகிற பாகங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அம்மா இறந்த பிறகு அப்பாவைக் கொண்டுவந்து எங்களோடு வைத்துக்கொண்டோம். அதற்குள் அவருக்குப் படங்கள் வருவது நின்றுபோயிருந்தது. வந்த புதிதில் தெருப் பிள்ளைகள் அவரைக் கண்டு ஓடினார்கள். கொஞ்ச நாளில் பழகிவிட்டது. அவருக்கு டீயில் சர்க்கரை எவ்வளவு என்று டீக்கடைக்காரருக்குத் தெரிந்த பிறகு அவர் யாரையும் பயமுறுத்தவில்லை.

மறதி மெதுவாக வந்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடம், பிறகு அம்மா இறந்துபோனது. பிறகு ஒருநாள் விடியற்காலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா போற?"

"கம்பெனி வண்டி வரும். ஷூட்டிங் இன்னிக்கு."

முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நின்றது. அவர் எழுந்து போய் அதில் ஏறப் பார்த்தார். டிரைவர் நல்லவர், இறக்கிவிட்டு என்னிடம் ஒப்படைத்தார். ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரிடம் காட்டினோம். தலையில் வாங்கிய பழைய அடிகளும் காரணமாக இருக்கலாம், இனிமேல் இது கூடத்தான் செய்யும் என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் நான் வேலை முடிந்து வந்து சமையலறைக்குள் நுழைந்தேன். கதவுக்குப் பின்னால் அவர் நின்றிருந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு கை என் தோளைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. இன்னொரு கை என் தொண்டைக்கு வந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பிளந்த புருவம் கீழே இறங்கி, கண்கள் அசையாமல், வாய் லேசாகத் திறந்து. கை என் தொண்டைக்கு முன்னால் வந்து நின்றது. தொடவில்லை. அவருக்கு நான் யாரென்று தெரியவில்லை. ஆனால் எங்கே நிற்க வேண்டுமென்று கைக்குத் தெரிந்திருந்தது.

"யாரும்மா நீ?" என்றார்.

"உன் பொண்ணுப்பா."

கையை எடுத்துவிட்டுக் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயடிக்குப் போய்க் கழுவ ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து நானும் கணவரும் வீட்டுக்குள் நுழையும் முன் வாசலிலேயே நின்று "அப்பா, நான்தான்", "மாமா, நான்தான்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவோம். ஒருநாள் அந்தக் கை நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நாங்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. இருவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம். யாராவது ஒருவர் எப்போதும் அவரோடு இருக்கிற மாதிரி கணவர் முதல் ஷிப்டும் நான் இரண்டாம் ஷிப்டும் வாங்கிக்கொண்டோம். ஆனாலும் என் பஸ் கிளம்பியதற்கும் அவர் பஸ் வந்து சேர்வதற்கும் நடுவில் கொஞ்சநேரம் அப்பா தனியாக இருந்தாக வேண்டியிருந்தது. கேட்டைப் பூட்டிவிட்டுப் போவேன்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற புரளி அந்தச் சமயத்தில்தான் கிளம்பியது. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே பேசும் ஆடியோ எல்லார் போனிலும் வந்தது. வடநாட்டிலிருந்து கும்பலாக இறங்கியிருக்கிறார்கள், பிள்ளைகளைக் கிட்னிக்காகக் கடத்துகிறார்கள், கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் மாதிரி ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். கம்பெனியில் உடை மாற்றும் அறையில் பெண்களுக்கு அதைத் தவிர வேறு பேச்சில்லை. "எங்க பக்கத்துல ஒருத்தனப் புடிச்சிட்டாங்களாம்" என்பார் ஒருவர். "உண்மையா?" என்றால், "சொன்னாங்க" என்பார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்காகப் பயந்தேன். அப்பாவைப் பற்றி நினைக்கவே இல்லை.

அன்று நான் லைனில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் போனை நுழைவாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சூப்பர்வைசர் வந்து என் தோளைத் தட்டினார். "உங்க வீட்டுக்காரர் செக்யூரிட்டிக்குப் போன் பண்ணாராம். அவசரமாம். பாஸ் போட்டுட்டேன், கிளம்புங்க." அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. நுழைவாயில்வரை ஓடிப் போனை வாங்கிக்கொண்டேன். கணவர் ஏற்கெனவே பைக்கோடு வெளியே நின்றிருந்தார்.

"கேட்டு பூட்டித்தான் கீது. மாமா இல்ல. காம்பவுண்ட ஏறிக் குதிச்சிருக்காரு."

அந்த வயதில். எனக்கு ஒரு கணம் அது பெருமையாகக்கூட இருந்தது என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

தேடினோம். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையோரம் முழுக்க மெதுவாகப் போனோம். ஒவ்வொரு லாரியின் அடியிலும் குனிந்து பார்த்தேன். எந்த லாரியைப் பார்த்தாலும் அதன் சக்கரம்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாப்பில் கேட்டோம். பையோடு ஒரு பெரியவர் வாலாஜாபாத் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினார் என்று பூ விற்கிற பெண் சொன்னார். அந்தச் சாலையில் திரும்பினோம். ஒரு டீக்கடையில் நிறுத்திக் கணவர் தன் போனிலிருந்த அப்பாவின் படத்தைக் காட்டினார். டீக்கடைக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் போனை எடுத்தார்.

"தோ, இப்பதான் குரூப்ல வந்துச்சு. இவரு மாரி கீது. நீயே பாரு."

முதலில் ஒரு கரண்ட் கம்பம் தெரிந்தது. பிறகு நைலான் கயிறு. பிறகு அப்பா. மேல் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் இறங்கியிருந்தது. வீடியோ எடுத்தவன் அவர் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தூக்கிக் காட்டினான். "புள்ள புடிக்கிறவன் மாட்டிக்கினான் பாருங்க. எல்லா குரூப்புக்கும் ஷேர் பண்ணுங்க" என்று குரல் கேட்டது. பின்னால் மனைப்பிரிவுக்குப் போட்ட புது நுழைவு வளைவு ஒன்று தெரிந்தது. "அது தெரியும், கிட்டதான்" என்றார் டீக்கடைக்காரர். கணவர் பைக்கை எடுத்துக்கொண்டே போலீசுக்குப் போன் செய்தார்.

வளைவைத் தாண்டியதும் ஷீட் போட்ட ரூம்கள் வரிசையாக இருந்தன. கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் வாடகைக்கு இருக்கும் ரூம்கள். அவற்றின் முன்னால் கூட்டம். என்னைப் போன்றவர்கள்தான். பாதிப் பேர் கம்பெனிச் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றார்கள். எனக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். அப்பா என்னைப் பார்த்தார். தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பெண் சின்னப் பெண்குழந்தை ஒன்றை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"இவன் மூஞ்ச நான் பாத்துக்கீறேன். ஸ்கூலாண்ட நின்னுகினு, ஒரு பொண்ணோட வாயப் பொத்தி வேன்ல தூக்கிப் போட்டான். என் கண்ணால பாத்தேன். இன்னிக்கு என் பொண்ணு கையப் புடிச்சிகினு நிக்கிறான்."

"எங்க பாத்த?" என்று கையில் கட்டையோடு நின்ற ஒருவன் கேட்டான்.

"எங்கன்னு ஞாபகம் வரல. ஆனா இவன்தான். இந்தப் புருவம் மறக்குமா?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த வேன் என்ன நிறம் என்றுகூட என்னால் சொல்லியிருக்க முடியும்.

"அது சினிமாங்க" என்றேன். "நீங்க பாத்தது படம். இவர் எங்க அப்பா. நடிகர். இப்ப ஞாபகமறதி வந்துட்டுது. வழி தெரியாம வந்துட்டாரு. விட்டுடுங்க."

"இன்னா படம்? பேரச் சொல்லு" என்றான் கட்டைக்காரன்.

சொன்னேன்.

"அதுல வில்லன் வேற ஆளு."

"வில்லன் இல்லைங்க. வில்லனோட ஆளு."

யாரோ சிரித்தார்கள். அவன் என் பக்கத்தில் வந்தான். "நல்லா கத சொல்ற. நீயும் கூட்டா?" என்று என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கழுத்துக்குப் பின்னால் பட்டை அறுக்கிற மாதிரி வலித்தது. "இந்த லேடியையும் எடுடா" என்றான். பக்கத்தில் இருந்தவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். சுற்றியிருந்தவர்கள் ஒரு அடி நெருங்கி வந்தார்கள். யாரும் தள்ளவில்லை, தானாகவே நெருங்கினார்கள். கணவர் குறுக்கே வந்தார். அவர் முதுகில் ஒரு அடி விழுந்த சத்தம் கேட்டது.

கூட்டத்தின் பயம் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். அது அவர்கள் கண்ணில் தெரிந்தது. அதனால்தான் பேசிப் பயனில்லை என்றும் புரிந்தது.

என் போனில் அப்பா நடித்த படங்களைத் தேடினேன். விரல் எழுத்துகளைத் தவறவிட்டது. நெட் சுற்றிச் சுற்றி நின்றது. வந்த ஒவ்வொரு வீடியோத் துண்டிலும் அவர் யாரையாவது வெட்டினார், எரித்தார், ஒரு பெண்ணின் கூந்தலைப் பிடித்து இழுத்தார். எதைக் காட்டுவது? முப்பது வருஷ உழைப்பில் அவர் ஒருவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கிற காட்சிகூட இல்லை. நான் போனைத் தாழ்த்திக்கொண்டேன். காட்டினால் அங்கேயே கொன்றுவிடுவார்கள் என்று தோன்றியது.

அப்போது வளைவருகே கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்று பெண்களை இறக்கிவிட்டது. பக்கத்து ஹாஸ்டல் பெண்கள். என்ன கூட்டம் என்று பார்க்க வந்தார்கள். அதில் ஒருத்தி, இருபது வயதுக்குமேல் இருக்காது, டிபன் பையை மார்போடு பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏ, இது அந்த நடிகருல்லா?" என்றாள். பேச்சில் திருநெல்வேலிப் பக்கம் தெரிந்தது.

யாரும் கவனிக்கவில்லை. அவள் குரலை உயர்த்தினாள். "அண்ணே, இவரு நடிகருண்ணே. அடிக்கதுக்கு முன்னாடி வாட்ச்சக் கழட்டி, அடி வாங்கப் போறவன் கையிலயே குடுப்பாவளே, அவரு. எங்க அண்ணன் வீட்டுல அதே படத்தத்தான் போட்டுப் போட்டுப் பாப்பான். சத்தியமாச் சொல்லுதேன், அவரேதான். அவரப் போயி கட்டி வச்சிருக்கியளே."

வாட்ச் காட்சி. எனக்கே அது மறந்துபோயிருந்தது. ஒரு படத்தில் அப்பா தானாகச் சேர்த்த விஷயம் அது. நிதானமாக வாட்ச்சைக் கழற்றி எதிராளியின் உள்ளங்கையில் வைப்பார். "பத்திரமா வச்சிக்கோ. முடிச்சிட்டு வாங்கிக்கிறேன்" என்பார். அந்தப் படம் ஓடவில்லை. ஆனால் அந்த ஒரு காட்சியை மட்டும் பையன்கள் வெட்டி எடுத்து எங்கெங்கோ போட்டிருந்தார்கள்.

"வாட்ச்சா?" என்றான் ஒருவன். தன் போனில் தேடினான். அவனுக்கு உடனே கிடைத்தது. போனை அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தான். "டேய், ஆமாண்டா. புருவத்தப் பாரு. அவருதாண்டா."

கூட்டம் தலைகளை நீட்டியது. கட்டைக்காரனின் கட்டை எப்போது கீழே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள். யாரோ தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள். "தப்பா நெனச்சுக்காத சார்", "சொல்லக் கூடாதா சார்". அவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிய அதே கை இப்போது அவர் தோளில் கிடந்தது. செல்ஃபி எடுத்தார்கள். அவர் உதட்டு ரத்தத்தைக்கூட யாரும் துடைக்கவில்லை. படத்தில் அது நன்றாக இருந்திருக்கும்.

எனக்குப் பயம் போகவில்லை. கூடியது. எந்த வேகத்தில் மாறினார்களோ அதே வேகத்தில் திரும்பவும் மாறுவார்கள். "கிளம்பலாம்பா" என்று அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"ஒரு தபா அந்த வாட்ச் மேட்டர் பண்ணச் சொல்லும்மா" என்றான் கட்டை வைத்திருந்தவன். இப்போது அவன் என்னை அக்கா மாதிரிப் பார்த்துச் சிரித்தான். தன் வாட்ச்சையே கழற்றி அப்பாவின் மணிக்கட்டில் கட்டினான். எதிரே நின்று கையை நீட்டினான். போன்கள் உயர்ந்தன.

அப்பா அந்த வாட்ச்சைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு முதுகு நிமிர்ந்தது. புருவம் இறங்கியது. சிரிப்பும் பேச்சும் ஒவ்வொன்றாக அடங்கின. நிதானமாக வாட்ச்சைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"பத்திரமா வச்சிக்கோ. முடிச்சிட்டு வாங்கிக்கிறேன்."

யாரும் விசில் அடிக்கவில்லை. அந்த ஆளின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெதுவாகக் காணாமல் போனது. காட்சியில் அதற்கு அடுத்தது அடி. அப்பாவின் வலது கை பின்னால் போனதை நான் பார்த்தேன். அந்த ஆளுக்குத் தலையைத் திருப்பத் தெரியாது. அடி விழுந்தால் நாங்கள் மூவரும் அங்கிருந்து உயிரோடு போகமாட்டோம். நான் பாய்ந்து அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் கைதட்டினார்கள்.

போலீஸ் ஜீப் வந்தபோது கூட்டத்தில் பாதி கலைந்திருந்தது. போலீசார் பிடித்துக் கொடுத்த ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணவர் பைக்கில் பின்னால் வந்தார். அப்பா என் தோளில் சாய்ந்திருந்தார். அவர் வேட்டி நனைந்திருந்தது. என் துப்பட்டாவை அதன்மேல் போட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு பேசினார்.

"புதுப் பசங்களாம்மா எல்லாம்?"

"ஆமாப்பா."

"டைமிங்கே தெரியல. எல்லா அடியும் மேல பட்டுட்டுது. நானும் எவ்ளோ நேரம் பாத்துகினு இருந்தேன், யாருமே கட் சொல்லல." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வரலன்னு சொல்லிடும்மா. எனக்குப் பயமா கீது."

"சொல்லிடறேன்பா" என்றேன்.

ஒரு விலா எலும்பில் விரிசல். உதட்டில் தையல். வாழ்நாளில் அவர் நடிப்புக்காகப் பட்டதைவிட இது பெரிய காயம் இல்லை. ஆனால் இதிலிருந்து அவர் மீளவில்லை. ஷூட்டிங் பையை மடியில் வைத்து உட்காருவது நின்றுவிட்டது. தெருவில் நாலு பேர் சேர்ந்து பேசுகிற சத்தம் கேட்டால் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வார். நான் வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டிக் கெஞ்சுவேன். கணவர் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். இப்போது கதவை உள்ளிருந்து கையால் பிடித்துக்கொள்கிறார்.

புகார் கொடுத்திருக்கிறோம். அது நடக்கிறது. வீடியோவை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. கம்பத்தில் கட்டியிருக்கிற பகுதி மட்டும்தான் சுற்றுகிறது, கைதட்டிய பகுதி இல்லை. ஊர்ப் பெயரை மாற்றி மாற்றி வருகிறது. கம்பெனியில் என்னோடு வேலை செய்கிற ஒருத்தியே ஒருநாள் எனக்கு அனுப்பினாள், ஜாக்கிரதையாக இரு என்று. இவர் என் அப்பா என்று பதில் எழுதினேன். மறுநாள் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அனுப்பிய மற்றவர்களுக்கு யார் எழுதுவது?

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அன்று கூட்டத்தில் குழந்தையோடு நின்று கத்திய அந்தப் பெண் விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். குழந்தையை அழைத்துக்கொண்டு, கையில் வாழைப்பழச் சீப்போடு கேட்டுக்கு வெளியே நின்றார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. உள்ளே வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"இவ அன்னிக்கு ராவுலதான் சொன்னா" என்றார். "தாத்தா தன் வூட்டுக்கு வழி கேட்டாராம். இவளுக்குத் தெரியலன்னதும், நீயும் வழி தெரியாம நிக்கிறியான்னு கேட்டு, கையப் புடிச்சிகினாராம்."

நான் குனிந்து குழந்தையைப் பார்த்தேன்.

"நான் செகண்ட் ஷிப்ட் போறவ. அன்னிக்கு லீவு. மத்த நாள் இவள ரூம்ல வுட்டுட்டுத்தான் போவேன். பாத்துக்க ஆள் கெடையாது. அந்த ஆடியோ வந்ததுலேர்ந்து லைன்ல நிக்கும்போது கை வேலையில இருக்காது. யார் மூஞ்சிய பாத்தாலும் இவனா இருக்குமோன்னு தோணும்." அவர் குழந்தையின் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். "இப்பவும் பயமாத்தான் கீது. அவரு நல்லவருன்னு தெரியுது. ஆனா கண்ண மூடினா அந்த மூஞ்சிதான் வருது. தப்பா எடுத்துக்காதீங்க."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, சின்ன வயசுல" என்றேன். அது ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. உண்மை.

பேச்சுக் குரல் கேட்டு அப்பா கூடத்துக் கதவருகில் வந்து நின்றிருந்தார். குழந்தை அவரைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்தது. அப்பா குழந்தையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் பார்த்தார். மெதுவாகப் பின்வாங்கினார். எங்கே பார்த்தோம் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்காது. ஆனால் உடம்பு பின்வாங்கியது.

பழத்தை வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து தெருமுனையில் திரும்பினார். நான் கேட்டைப் பூட்டிவிட்டு, "அப்பா, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தேன்.

"போயிட்டாங்களா?" என்றார் கதவுக்குப் பின்னாலிருந்து.

"போயிட்டாங்கப்பா."

"எத்தன பேரு?"

"ஒரு அம்மாவும் கொழந்தையும்தான்."

அவர் நம்பவில்லை. ஜன்னல் திரையை விலக்கித் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். நானும் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். தெருவில் யாருமில்லை.